குடிவரியும் குடவோலையும்: லாபிஸ் வட்டாரத்தை முன்வைத்து ஊராட்சி நிதியின் வரலாறு

1964ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் இரவு, இந்தோனேசிய வான்குடைப் படையினர் ஏறத்தாழ நூறு பேர் லாபிஸ் சுற்றுவட்டாரத்தில் இறங்கினர். மலேசியாவின் தோற்றத்தை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதல், தீபகற்பத்தின் உட்பகுதிவரை வந்து சேர்ந்த இரவு அது. இடிமழையில் சிதறிப்போன அவர்களைப் பாதுகாப்புப் படையினர் தோட்டங்களிலும் காடுகளிலும் தேடிப் பிடிக்கச் சில வாரங்கள் ஆயின. மறுநாள், செப்டம்பர் 3இல், நாடு முழுவதற்கும் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அந்த அவசரகால அதிகாரத்தைக் கொண்டே 1965 மார்ச் 1ஆம் நாள் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. மோதல் 1966இல் முடிந்தது, தேர்தல் திரும்பவில்லை.

செகாமட் மாவட்டத்தைச் சேர்ந்த லாபிஸ் என்னும் சிற்றூர், நாட்டு வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இந்த ஒரு நிகழ்ச்சிக்காகவே இடம்பெறுகிறது. படைவீரர் இறங்கினர், பிடிபட்டனர் என்பதோடு பாடநூல் அதனை முடித்துக்கொள்ளும். ஆயினும் தெருவிளக்கு எரிய, கால்வாய் தூர்வாரப்பட, சந்தை கழுவப்பட ஊராட்சி மன்றம் எங்கிருந்து பணம் பெறுகிறது, அப்பணத்தைத் தரும் குடிமகனுக்கு அதன் செலவில் எவ்வளவு சொல்லுரிமை இருக்கிறது என்னும் கேள்விகளும் அந்த இரவோடு பிணைந்தே கிடக்கின்றன. இவ்வுரை அக்கேள்விகளைப் பற்றியது. வரியைப் பற்றிய உரை என்றதும் மாணவர் சோர்வடைவது இயல்பு. ஆனால் ஓர் ஊரின் வரலாற்றை அதன் வரவு செலவுக் கணக்கைவிட ஒளிவுமறைவின்றிச் சொல்லும் ஆவணம் வேறில்லை என்பது என் கருத்து.

வாரியம் என்னும் சொல்

ஊராட்சி என்றதும் தமிழாசிரியர் நெஞ்சில் முதலில் எழுவது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊரின் முப்பது குடும்புகளிலிருந்து வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எனப் பணிகள் பகுக்கப்பட்டிருந்தன. வகுப்பறையில் இதனை 'வாக்கெடுப்பு' என்று சொல்லிக் கொடுக்கிறோம். அது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். தகுதியும் அந்தணர் ஊரொன்றின் நிலவுடைமையாளர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது.

இவ்வளவும் சொன்னபின், அக்கல்வெட்டில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய இரண்டு செய்திகளைக் காட்ட வேண்டும். கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், அதாவது வரி செலுத்தும் நிலம், உடையவரே குடத்தில் பெயரிடப்படத் தக்கவர் என்பது ஒன்று. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் தகுதியிழப்பர் என்பது மற்றொன்று. வரி கொடுப்பவனுக்கே ஆளும் பொறுப்பு, ஆண்டவனுக்குக் கணக்குக் காட்டும் கடமை என்னும் இரண்டு கயிறுகளையும் அன்றே சேர்த்து முறுக்கியிருக்கிறார்கள்.

அதே தமிழ்க் கரையில், எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், கிழக்கிந்தியக் கும்பினி வேறொரு காரணத்தால் அதே முடிவுக்கு வந்தது. சென்னை மாநகராட்சி 1688இல் தொடங்கப்பட்டது. அதன் பின்னணியில் இருந்த கும்பினித் தலைவர் சோசியா சைல்டின் எண்ணம் வணிகனுடைய எண்ணம்: நாம் அதிகாரத்தால் சிறு தொகையை விதித்தாலும் மக்கள் முணுமுணுப்பர்; தாமே தமக்கு விதித்துக்கொண்டால் பொதுநலனுக்காகப் பன்மடங்கு தருவர். சொல்லுரிமை அளிப்பது வரி தண்டுவதற்கான மலிவான வழி என்று அவர் கணக்கிட்டார். சென்னை மக்களோ வீட்டு வரியை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினர் என்பது வேறு கதை.

பினாங்கிலிருந்து ஜொகூர்வரை

மலாயாவில் ஊராட்சியின் விதை பினாங்கில் விழுந்தது. 1800ஆம் ஆண்டில் ஜார்ஜ் டவுனில் மதிப்பீட்டாளர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. வீடுகளையும் கடைகளையும் மதிப்பிட்டு வரி விதித்து, சாலையும் கால்வாயும் அமைப்பது அதன் வேலை. மதிப்பீடு என்னும் சொல்லே நாம் இன்றும் செலுத்தும் மதிப்பீட்டு வரியின் பெயராக நிற்பதைக் காண்க. 1856ஆம் ஆண்டுச் சட்டங்கள் நீரிணைக் குடியேற்றங்களில் நகராண்மைக் கழகங்களை முறைப்படுத்தின. வரி செலுத்துவோர் ஆணையர் சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வந்தது. 1913ஆம் ஆண்டு நகராண்மைச் சட்டம் அத்தேர்தலை நீக்கி, எல்லாரையும் நியமன உறுப்பினராக்கியது. ஆகவே 1965இல் நடந்தது இந்நாட்டில் முதன்முறை நடந்தது அன்று. தேர்தலைக் கொடுத்துப் பின் எடுத்துக்கொள்வது இங்கே இரண்டு முறை நிகழ்ந்திருக்கிறது.

மலாய் மாநிலங்களில் வந்த அமைப்பு வேறு. கோலாலம்பூரில் 1890இல் தோன்றிய சுகாதார வாரியம், நம் மூத்தோர் நாவில் 'சானிட்டரி போர்டு' என வழங்கியது, தனிப் பணப்பை உடைய நகராட்சி அன்று. மாநில அரசின் ஒரு கரம். வீட்டு வரி, உரிமக் கட்டணம், சந்தை வாடகை எல்லாம் அரசுக் கருவூலத்துக்குச் சென்றன. செலவுக்கான தொகை அரசின் ஒதுக்கீடாகத் திரும்பி வந்தது. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். தன் வரியைத் தானே வைத்துச் செலவிடும் மன்றத்திடம் குடிமகன் கணக்குக் கேட்கலாம். கருவூலத்தில் கலந்துவிட்ட வரியை யாரிடம் போய்க் கேட்பது? நகரவாரியங்கள் வந்த பின்னும் இந்நிலை பெரும்பாலும் நீடித்தது.

ஜொகூரின் நிலை இன்னும் தனியானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மாநிலத்தின் வருவாய் வீட்டு வரியிலிருந்து வரவில்லை. ஆற்றங்கரைகளில் மிளகும் கம்பீரும் பயிரிடும் உரிமையைச் சீனத் தலைவர்களுக்கு எழுதிக்கொடுத்த 'கங்சு' முறையிலிருந்தும், அபினி, மது, சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைகளிலிருந்தும் வந்தது. குத்தகைக்காரரே தம் ஆற்றங்கரைக்குச் சாலையும் ஒழுங்கும் கொடுத்தார். ஊர்ப்பணிகளை அரசு செய்யாமல் குத்தகைக்காரர் செய்யும் ஏற்பாடு அது. அம்முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் அதன் உள்ளீடு ஒழியவில்லை என்பதை அடுத்துக் காண்போம்.

தண்டவாளமும் தோட்டமும்

கெமாசிலிருந்து ஜொகூர் பாரு நோக்கி இட்ட இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. செகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங் எனக் காட்டினூடே நிலையங்கள் முளைத்தன. நிலையத்தைச் சுற்றிக் கடைத்தெரு, கடைத்தெருவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்கள் என்பது இவ்வூர்களின் பொது அமைப்பு. கடைத்தெருவில் பெரும்பாலும் சீன வணிகர். தோட்டத்தில் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர். ஆட்சியின் பார்வையில் இவ்விரண்டும் இரண்டு வேறு நாடுகள்.

கடைத்தெருவுக்கு நகரவாரியம் உண்டு, வரி உண்டு, விளக்கும் கால்வாயும் உண்டு. தோட்டத்துக்கு அவை எவையும் இல்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே குடிநீர், லயன் வீடு, கழிப்பிடம், மருந்தகம், குழந்தைகளுக்குப் பள்ளி எல்லாவற்றையும் நிருவாகமே தர வேண்டும் என்பது 1920களின் தொழிலாளர் சட்டங்கள் விதித்த கடமை. அந்தச் செலவு ரப்பரின் விலையைச் சார்ந்திருந்தது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். வரி செலுத்தும் குடியை ஊர் துரத்த முடியாது. கூலி பெறும் ஆளைத் தோட்டம் துரத்த முடியும். கங்சுவின் ஆற்றங்கரை மறைந்து, துரையின் தோட்டம் வந்தது. ஊர்ப்பணி ஓர் உரிமையாக அல்லாமல் முதலாளி தரும் வசதியாகவே தொடர்ந்தது.

அந்தத் தொழிலாளர் கப்பலேறி வந்த செலவே ஒருவகைப் பொதுநிதியிலிருந்துதான் கொடுக்கப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. தென்னிந்தியத் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், தலைக்கு இவ்வளவு என்று அந்நிதிக்குச் செலுத்த வேண்டும். அதிலிருந்து கப்பல் கட்டணமும் முகாம் செலவும் ஈடுசெய்யப்பட்டன. தோட்டங்கள் மட்டுமல்ல, பொதுப்பணித் துறையும் இருப்புப்பாதையும் நகராட்சிகளும் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டே நடந்தன. நகரத்துக் கால்வாயைத் தூர்வாரியவரும், தெருவைக் கூட்டியவரும், இரவில் மலம் அள்ளியவரும் பலவூர்களில் நம்மவர். வீட்டு வரி என்னும் பணம் கடைசியில் போய்ச் சேர்ந்த கைகளுள் அவர்கள் கைகளும் அடங்கும், மிகச் சிறிய பங்காக. மதிப்பீட்டாளன் ஏட்டில் வரி செலுத்துபவனாக அவன் பெயர் இல்லை. சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

பதினான்கு ஆண்டுகள்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நிலைமை விரைந்து மாறியது. 1950ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் சட்டத்தின்கீழ், 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் தேர்தல் நடந்தது. 1955இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்கு முன்பே, கால்வாய்க்கும் குப்பைக்கும் பொறுப்பானவர்களை மக்கள் தேர்ந்தெடுத்துவிட்டனர். கூட்டணி என்னும் அரசியல் ஏற்பாடே கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில்தான் பிறந்தது.

இக்காலத்தில் ஊராட்சி எவ்வளவு வலிமை பெறக்கூடும் என்பதற்கு ஜார்ஜ் டவுன் எடுத்துக்காட்டு. அம்மாநகராட்சி மின்சாரத்தைத் தானே வழங்கியது, குடிநீரைத் தானே வழங்கியது, பேருந்தும் ஓட்டியது. வரியோடு இவற்றின் கட்டண வருவாயும் சேர்ந்ததால் அதன் நிதி உறுதியாயிருந்தது. 1950களின் இறுதியில் அம்மாநகரின் மேயராக இருந்தவர் டி.எஸ். இராமநாதன், ஆசிரியராய்ப் பணிபுரிந்த தமிழர். ஆசிரியர் நிறைந்த இவ்வவையில் இதனைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜொகூரின் உட்பகுதியில் ஊராட்சி வந்த வழி வேறு. 1948இல் தொடங்கிய கம்யூனிஸ்ட் கிளர்ச்சியின்போது, 1950ஆம் ஆண்டு பிரிக்ஸ் திட்டப்படி காட்டோரத்தில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள், பெரும்பாலும் சீனர், முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். கிளர்ச்சியின் கடுமையான களங்களுள் செகாமட், லாபிஸ், யோங் பெங் பகுதியும் ஒன்று. தோட்டத் தொழிலாளரின் லயன்களும் வேலிக்குள் ஒருங்கே திரட்டப்பட்டன. வேலிக்குள் மக்களை அடைத்த அரசு, அவர்களுக்குத் தண்ணீரும் சாலையும் தர வேண்டியதாயிற்று. அவர்கள் மனத்தையும் வெல்ல வேண்டியதாயிற்று. 1952ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டம் இதன் விளைவு. புதுக்கிராமம் தன் மன்றத்தைத் தானே தேர்ந்தெடுக்கலாம். வீட்டுக்கு இவ்வளவு என வரி விதிக்கலாம். உரிமக் கட்டணம் வாங்கலாம். அரசு மானியமும் பெறலாம். முள்வேலிக்குள் மக்களாட்சி பிறந்தது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

தோட்டத்துக்கு மட்டும் அப்போதும் மன்றம் இல்லை. வேலி வந்தது, வாக்கு வரவில்லை. புதுக்கிராமத்தவர் கால்வாயைப் பற்றி மன்றத்தில் முறையிட்டபோது, தோட்டத்தவர் கிராணியிடம் முறையிட்டனர்.

இம்மன்றங்கள் எல்லாம் சிறப்பாக நடந்தன என்று சொல்ல வரவில்லை. பல மன்றங்களுக்கு எழுத்தர் ஒருவருக்குச் சம்பளம் தரும் வருவாய்கூட இல்லை. வாக்குக் கேட்டவர் வரியை உயர்த்த அஞ்சினார். நிலுவை பெருகியது. 1960களின் நடுவில் சிரம்பான், ஜொகூர் பாரு, பத்து பகாட், மலாக்கா, ஜார்ஜ் டவுன் ஆகிய மன்றங்களின் அதிகாரத்தை, முறைகேடு என்னும் குற்றச்சாட்டின்பேரில், மாநில அரசுகள் எடுத்துக்கொண்டன. அவற்றுள் சில எதிர்க்கட்சிகளின் கையில் இருந்தமையும் மறக்கத்தக்கதன்று.

நாகப்பன் அறிக்கை

தேர்தல் நிறுத்திவைக்கப்பட்ட அதே 1965ஆம் ஆண்டில், ஊராட்சிகளின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன், வழக்கறிஞர், மலேசிய இந்தியர் காங்கிரஸின் முன்னணித் தலைவர். இந்நாட்டு ஊராட்சி வரலாற்றின் மிக முக்கியமான ஆவணம் ஒரு தமிழரின் தலைமையில் எழுதப்பட்டது என்பதை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

ஆணையம் நாடெங்கும் சென்று சான்றுகளைக் கேட்டது. மாநகராட்சி, நகராண்மை, நகர மன்றம், நகரவாரியம், ஊரக மாவட்ட மன்றம், உள்ளூர் மன்றம் என ஆறு வகையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் வெவ்வேறு சட்டங்களின்கீழ் இயங்குவதைக் கண்டது. நிதியின்மை, ஆளின்மை, முறைகேடு ஆகிய குறைகளை மறைக்காமல் பதிவுசெய்தது. இவ்வளவு குறைகளைப் பட்டியலிட்டவர்கள் தேர்தல் வேண்டாம் என்றே முடிப்பர் என எவரும் எதிர்பார்த்திருப்பர். அவர்களோ, குறையுடைய தேர்தல் மன்றமும் நியமன மன்றத்தினும் மேலானது என்னும் முடிவுக்கு வந்து, தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தனர். அறிக்கை 1968 டிசம்பரில் அளிக்கப்பட்டது. 1969 மே கலவரம் அடுத்து வந்தது. சில ஆண்டுகள் கழித்தே அறிக்கை வெளியிடப்பட்டது. அதன் நடுநாயகமான பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. மத்தியிலும் மாநிலத்திலும் தேர்தல் இருக்க மூன்றாவதாக ஒன்று எதற்கு என்பதே ஏற்காதவர் வாதத்தின் சாரம். இருநூறு பேர் செலுத்தும் வரியில் எந்தச் சந்தில் முதலில் கால்வாய் வெட்டுவது என்பதை நாடாளுமன்ற உறுப்பினரைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது என்பதே அதற்குரிய விடை. ஆணையம் அதனை விளங்கிக்கொண்டிருந்தது.

அறிக்கையின் மற்றொரு பாதி, அமைப்புகளைச் சீரமைப்பது, ஏற்கப்பட்டது. 1973ஆம் ஆண்டு இடைக்கால ஏற்பாட்டுச் சட்டத்தையும், 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தையும் (சட்டம் 171) தொடர்ந்து, சிதறிக்கிடந்த வாரியங்களும் உள்ளூர் மன்றங்களும் இணைக்கப்பட்டு மாவட்ட மன்றங்களாயின. இன்றைய லாபிஸ் மாவட்ட மன்றம் இவ்வழியில் வந்தது. முன்னர் அது செகாமட் தெற்கு மாவட்ட மன்றம் எனப்பட்டது. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி எட்டுக்குக் குறையாமலும் இருபத்து நான்குக்கு மேற்படாமலும் உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. 15ஆம் பிரிவு ஊராட்சித் தேர்தல் பற்றிய சட்டங்கள் செல்லா என்கிறது. லாபிஸ் காட்டில் இறங்கிய வான்குடைகளின் நிழல் அப்பிரிவில் நிலையாகப் படிந்துவிட்டது.

பணம் வரும் வழிகள்

இனி, இன்றைய மன்றத்தின் பணப்பைக்குள் சற்று நோக்குவோம். சட்டத்தின் 39ஆம் பிரிவு வருவாய்களை அடுக்குகிறது: வரிகள், வாடகைகள், உரிமக் கட்டணங்கள், மன்றச் சொத்தின் வருவாய், அரசு மானியம். இவற்றுள் முதுகெலும்பு மதிப்பீட்டு வரியே. மலாய்மொழியில் 'சுக்காய் பிந்து', வாசல் வரி, என மக்கள் வழங்கும் பெயர் அதன் பழமையைக் காட்டுகிறது.

பிற மாநிலங்களில் இவ்வரி ஆண்டு வாடகை மதிப்பின்மேல் கணக்கிடப்படுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு கிடைக்கும் என்பதே அடிப்படை. தீபகற்பத்தில் ஜொகூர் மட்டும் வேறு வழியில் செல்கிறது. அங்கே அடிப்படை, நிலமும் கட்டடமும் சேர்ந்து சந்தையில் என்ன விலைக்குப் போகும் என்பது. முதல் முறையில் ஆண்டு மதிப்பின் 35 விழுக்காட்டுக்கு மேலும், இரண்டாம் முறையில் விற்பனை மதிப்பின் 5 விழுக்காட்டுக்கு மேலும் வரி போகக்கூடாது என்பது சட்டத்தின் உச்சவரம்பு; நடைமுறை விகிதங்கள் அதனினும் மிகக் குறைவு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்திற்காக நான் எடுத்துக்கொண்டவை, எந்த மன்றத்தின் விகிதமும் அன்று. மாதம் 800 ரிங்கிட் வாடகை பெறக்கூடிய வீட்டின் ஆண்டு மதிப்பு 9,600 ரிங்கிட். விகிதம் 5 விழுக்காடு எனில் வரி 480 ரிங்கிட். அதே வீடு ஜொகூரில் 200,000 ரிங்கிட்டுக்கு விலைபோகும், விகிதம் 0.2 விழுக்காடு எனில் வரி 400 ரிங்கிட், அரையாண்டுக்கு 200. இப்போது அதே அளவுடைய வீட்டை ஜொகூர் பாருவில் வைப்போம். விலை 500,000 ரிங்கிட் ஆகிவிடும். அதே விகிதத்தில் வரி 1,000 ரிங்கிட். ஒரே அளவு வீடு, ஒரே அளவு குப்பை, ஒரே நீளக் கால்வாய். மன்றத்துக்குக் கிடைப்பது இரண்டரை மடங்கு. விலை அடிப்படையிலான வரியில் சிற்றூர் மன்றம் ஏன் எப்போதும் கையேந்தி நிற்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

வரி ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும், செலுத்தப்பட வேண்டும். தவறினால் அறிவிப்பு, அதன்பின் வீட்டிலுள்ள அசையும் பொருளைக் கைப்பற்றும் ஆணை. வழிபாட்டிடம், இடுகாடு, பள்ளி முதலியவற்றுக்கு விலக்களிக்க 134ஆம் பிரிவு இடந்தருகிறது. அரசுக் கட்டடங்கள் வரி செலுத்துவதில்லை. அதற்கு ஈடாக உதவித்தொகை தர வேண்டுமென அரசியல் சட்டத்தின் 156ஆம் விதி கூறுகிறது. நிலையமும் காவல் நிலையமும் மருத்துவமனையும் பள்ளிகளும் ஊரின் நடுவே பெரும்பரப்பைக் கொண்டிருக்கும் சிறு நகரத்தில் இத்தொகை அற்பமானதன்று.

எஞ்சிய பள்ளத்தை மானியம் நிரப்புகிறது. 1981ஆம் ஆண்டு மானியச் சட்டத்தின்கீழ் மத்திய அரசு, மாநில அரசின் வழியாக, ஊராட்சிகளுக்கு ஆண்டு நிதி அளிக்கிறது. அரசியல் சட்டப்படி ஊராட்சி மாநில அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆனால் வருமான வரி முதலிய பெரிய வருவாய்கள் மத்தியிடம் உள்ளன. பொறுப்பு கீழே, பணம் மேலே. இடையில் 95அ விதிப்படி அமைந்த தேசிய ஊராட்சி மன்றம் கொள்கை வகுக்கிறது.

மன்றம் தானே செய்த பணிகளும் ஒவ்வொன்றாகக் கைமாறின. மின்சாரம் 1949இல் மத்திய மின் வாரியத்துக்கு வந்தது. அது 1965இல் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறி, 1990இல் தெனாகா நேஷனல் ஆனது. கழிவுநீர்ப் பணி 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்திய அரசின் பொறுப்பாகித் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஜொகூரில் குடிநீரும் நிறுவனமயமானது. திடக்கழிவு பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் ஜொகூரிலும் நடைமுறைக்கு வந்ததும் குப்பை வண்டியும் போயிற்று. அழகிய ஏற்பாடுகள்தாம், சேவை பல இடங்களில் மேம்பட்டது என்பதும் உண்மை. எனினும் கட்டண வருவாய் தரக்கூடிய பணிகள் யாவும் மன்றத்தை விட்டு நீங்க, செலவு மட்டுமே உள்ள பணிகள், கால்வாய், புல்வெட்டு, திடல், தெருவிளக்கு, எஞ்சின. அன்றைய ஜார்ஜ் டவுனின் பணப்பையும் இன்றைய மாவட்ட மன்றத்தின் பணப்பையும் ஒரே பெயருடைய இரு வேறு பொருள்கள்.

லயனிலிருந்து தாமானுக்கு

இவ்வரலாற்றில் தமிழரின் நிலையை நான் தனியே வைத்தெண்ணிப் பார்க்கிறேன். 1950களின் இறுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. அதற்கு எதிர்வினையாக வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை வந்தது. அதற்கு வேண்டிய ஆட்கள் குறைவு. 1980, 1990களில் குடும்பங்கள் லயனை விட்டு நகரோரத் தாமான்களில் குடியேறின. ஜொகூர் லாபிஸ் தோட்டம் போன்ற பெருந்தோட்டங்களை அண்டிய ஊர்களிலும் பொதுப்போக்கு இதுவே.

தாமானில் அவர்களுக்கு முதன்முதலாக ஒரு முகவரி கிடைத்தது. முதன்முதலாக மதிப்பீட்டு வரி அறிவிப்பும் வந்தது. தண்ணீருக்கு ஒரு கட்டணச் சீட்டு, மின்சாரத்துக்கு ஒன்று, கழிவுநீருக்கு ஒன்று. தோட்டத்தில் இவற்றுக்கான விலை கூலியிலேயே மறைந்திருந்தது. இப்போது எண்களாய் வெளிப்பட்டது. ஆக, நகரத்தவர்க்கு வாக்குரிமை இருந்த பதினான்கு ஆண்டுகளில் நம் தோட்டத்தவர் வரி செலுத்துபவராய் இல்லை. அவர்கள் வரி செலுத்துபவராய் ஆன காலத்தில் வாக்குரிமை இல்லை. யாரும் திட்டமிட்டுச் செய்தது அன்று இது. ஆனால் ஊராட்சித் தேர்தலைப் பற்றிய பேச்செழும்போது நம் சமூகத்தில் இழப்புணர்வு அவ்வளவாக எழாமைக்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். பெற்றறியாத ஒன்றை இழந்ததாக யாரும் உணர்வதில்லை.

தேர்தலை மீட்கும் முயற்சிகள் முற்றாக ஓய்ந்துவிடவும் இல்லை. பினாங்கு மாநிலம் 2012இல் ஊராட்சித் தேர்தல் சட்டமொன்றை இயற்றியது. அச்சட்டம் செல்லாது என 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

எனினும் சட்டம் 171இல் குடிமகனுக்கு விட்டுவைக்கப்பட்ட சில கதவுகள் உள்ளன. அவை தட்டப்படாமலே துருப்பிடிக்கின்றன. மதிப்பீட்டுப் பட்டியல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது 137ஆம் பிரிவு. மாநில அரசின் இசைவுடன் அக்காலம் நீட்டிக்கப்படுவதே வழக்கமாகிவிட்டது. புதிய பட்டியல் வரும்போது நாற்பத்திரண்டு நாளுக்குக் குறையாத அறிவிப்பு உண்டு. மதிப்பு மிகையென்று கருதுபவர் எழுத்துவழி மறுப்புத் தரலாம். மன்றத்தின் முடிவு ஏற்புடையதன்று எனில் உயர்நீதிமன்றம் செல்லலாம். தணிக்கை செய்த ஆண்டுக் கணக்கு வெளியிடப்பட வேண்டும். 23ஆம் பிரிவோ, மன்றம் தீர்மானித்து மூடினாலன்றி, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் செய்தியாளர்க்கும் திறந்தவை என்கிறது. லாபிஸ் பள்ளியொன்றின் ஐந்தாம் படிவ மாணவர் சிலர் ஆசிரியரோடு சென்று, அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம் பேசப்படும் நாளில் பார்வையாளர் இருக்கையில் அமர்வதற்குச் சட்டத்தில் தடையொன்றும் இல்லை. முன்கூட்டியே மன்றச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நன்று.